யாருக்கு ஆயிரம்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. உங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை இல்லை, வட்டிக்கு விடும் மாடிவீட்டு அம்மாவுக்கு மாதா மாதம் வருகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய்.

2023 செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து, 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வருமானச் சான்று கேட்கவில்லை. கேட்டாலும் கூலி வேலைக்கு எந்தத் தாசில்தார் சரியான கணக்கு எழுதுவார்? ஆகவே கார், வருமான வரி, 5 ஏக்கர் நன்செய், 10 ஏக்கர் புன்செய், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று பதிவேட்டில் தெரிகிறதை வைத்துக் கழிக்கிறார்கள். கைவட்டி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மாடிவீட்டு அம்மா தேறியது அப்படித்தான் இருக்கும்.

இதில் எனக்கு உடன்பாடே இல்லாதது மின்சாரக் கணக்கு. 3,600 என்றால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். வீட்டுக்காரரும் இரண்டு குடித்தனமும் ஒரே இணைப்பில் இருந்து, வீட்டுக்கு 220 யூனிட் செலவழித்தால் 660 ஆகிவிடும். ஒரு மின்விசிறி, ஒரு டிவி வைத்திருக்கிறவரும் வசதிக்காரர் ஆகிவிடுவார். வீட்டுக்காரர் தனியாக வைத்த சப்-மீட்டர் மின்வாரியத்தின் கணக்கில் வராது.

இலவச ரேஷன் அரிசியிலும், பெண்களுக்கு இலவசமான சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலும் இந்த வம்பு இல்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை கார்டுக்கு மாறிக்கொள்கிறார். கார் வைத்திருப்பவர் நெரிசலில் ஏற மாட்டார். விண்ணப்பமே இல்லாமல் வடிகட்டல் நடக்கிறது. ரொக்கத்தை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அதனால் கோடு போட்டே ஆக வேண்டும். கோடு போட்டால் 2,51,000 சம்பாதிக்கும் குடும்பம் ஆயிரம் ரூபாய் கூடுதலுக்காக ஆண்டுக்கு 12,000 இழக்கும். வருமானம் ஏற ஏறத் தொகையைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்பார்கள். அதற்கு வருமானம் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதுதான் இங்கே இல்லையே. முதலில் மீட்டர் விதியைத் தூக்கட்டும் என்பேன்.

மறுப்பு குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். "நான் ஏழை" என்று எழுதிப் பயனில்லை; எந்த அடையாளத்தில் கழித்தார்களோ அதை மறுக்க வேண்டும். மீட்டர்தான் காரணமென்றால், அந்த இணைப்பில் எத்தனை ரேஷன் கார்டு குடும்பங்கள் இருக்கின்றன என்று காட்டுவதே வழி. அந்த அம்மாவின் போனில் என்ன காரணம், எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
முருகேசன்