பேக்ஸ்லாஷ் எக்ஸ் சொல்லித்தந்த அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

பார்வையில்லாத நான் லினக்ஸில் டேட்டாபேஸ் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம். முதல் மூன்று மாதம் தாங்குவேனா என்று எனக்கே சந்தேகம். அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருந்த மென்பொருளைத் திறந்தால், திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் ஓர்க்கா மெனுவை வாசிக்கும். நடுவில் உள்ள அட்டவணைக்குப் போனதும் வாயை மூடிக்கொள்ளும். சரி, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான பிஎஸ்க்யூஎல் என்ற கருவி இருக்கிறதே என்று அங்கே போனேன். அது வேறு தொல்லை. ஒரு வரிக்கு 14 தகவல், நடுநடுவே கோடு. எது முகவரி, எது தொலைபேசி எண் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்பேன். ஒன்பதாவதில் தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து இருக்கை அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. டீக்குக் கிளம்பும் அவசரத்தில், "தம்பி, பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். படுத்துக்கிடந்த வரி எழுந்து நின்றது. பெயர் என்றால் பக்கத்திலேயே பெயர், ஊர் என்றால் பக்கத்திலேயே ஊர். அப்புறம் டேஷ்களை விரட்ட பேக்ஸ்லாஷ் ஏ. மதிப்பே இல்லாத இடத்தில் பிஎஸ்க்யூஎல் ஒன்றும் காட்டாது. காதுக்கு அது வெறும் மௌனம். 'பிசெட் நல்' கொடுத்து அங்கே 'காலி' என்று வரவைத்தேன். இத்தனையும், பிஎஸ்க்யூஎல் திறக்கும்போதே தானாகப் படித்துக்கொள்ளும் பிஎஸ்க்யூஎல்ஆர்சி கோப்பில் நாலு வரி.

அடுத்தது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அக்கா. எதை மாற்றினாலும், தப்பானால் திரும்பப்பெற வசதியாக முதலில் 'பிகின்' போடு என்று அவர் திட்டாத நாளில்லை. ஒருநாள் ஒரே ஒருவருடைய முகவரியை மாற்றப்போய், யாருடையதை என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையை விட்டுவிட்டேன். காதில் 'அப்டேட் 4812' என்று விழுந்தது, அதாவது 4812 வரிகள் மாறிவிட்டன. கை சில்லிட்டுப்போனது. மாற்றத்தை ரத்துசெய்யும் 'ரோல்பேக்' அடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அக்கா, இதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை!

முகம் தெரியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்த ஓர்க்காவைப் பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்துவரும் ஜோன்மேரி டிக்ஸ். பிரெயில் கருவியில் டெர்மினலைத் தொட்டுப் படிக்கவைக்கும் பிஆர்எல்டிடிஒய்க்கு உழைக்கும் டேவ் மீல்கி. தானும் பார்வையற்றவராக இருந்து, 1995இலேயே ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியைப் பேசவைத்த டி.வி. ராமன். டேட்டாபேஸைப் பார்க்க உதவும் அட்மினரை எழுதிய யாகுப் வ்ரானா. ஒரே ஒரு பிஎச்பி கோப்பு, பிரவுசரில் சாதாரண எச்டிஎம்எல் அட்டவணை, கட்டம் கட்டமாக நகர்ந்து கேட்கலாம். தமிழ்ப் பெயர்களையும் வாசித்துக்காட்டும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளின் குழுவினர். அந்தக் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கும் என்பது உண்மைதான். வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு போகாது, எனக்கு அது போதும்.

அண்ணா, அன்றைக்கு நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் 40 பேர் விவரத்தைக் கேட்டு முடித்திருந்தேன். அந்த டீக்கான காசு என் கணக்கில் இன்னும் நிலுவை.

அன்புடன்,
உங்கள் தம்பி