ஆட்டுக் கணவாய் வேண்டாம், மாப்ளே

தருமபுரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாங்காய் விலையைப் பற்றி நீ புலம்பியிருந்த பக்கத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அண்ணன் வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறார்" என்று உன் தங்கச்சி சிரிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் இருந்த சுவிட்சர்லாந்துப் பயணத் திட்டத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. முதல் நாள் ஏரிக்கரை, இரண்டாம் நாள் மலைக்குடில், மூன்றாம் நாள் இரும்பு ஏணி ஏறி ஆட்டுக் கணவாயைத் தாண்டி அரோலா ஊர். அதுவும் மே மாதத்தில்! நம் இரண்டு பேருக்கும் சேர்த்து முழங்கால் நாலு. அதில் ஒன்றரைதான் உருப்படியாக இருக்கிறது என்பதை மறந்துவிட்டாயா?

முதலில் மாதத்தை மாற்று. பேரனுக்கு லீவு என்பதெல்லாம் சரி, அந்த மலைக்கு லீவு இல்லையே. மே மாதத்தில் மேலே கணவாய்களில் பனி கிடக்கும். கேபிள் காரும் கோடையில் மட்டும்தான் ஓடும். ஏரியும் வற்றிக் கிடக்கும். நமக்கு ஆடியில் காவிரி பொங்கினால் மேட்டூர் நிறைகிறது. அங்கே கோடையில் பனியாறு உருகினால்தான் கிராண்ட் டிக்ஸான்ஸ் அணை நிறையும். நிறைந்து நிற்பது செப்டம்பர் கடைசியில். பிறகு குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காகத் திறந்து விட்டு, ஏப்ரலில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஜூன் 12-இல் குறுவைக்குத் திறப்பது என்ற பேச்சே அங்கு கிடையாது. அந்தத் தண்ணீரின் வேலையே 1,800 மீட்டருக்கு மேல் கீழே விழுந்து டர்பைனைச் சுற்றுவதுதான்.

ஆனால் ஒன்று. மே மாதத்தில் போவதில் ஒரு லாபம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். இப்போது இருப்பதற்கு முன்னால் 1935-இல் அங்கேயே ஒரு அணை கட்டி முடித்திருந்தார்கள். புதுசு வந்ததும் அது முழுசாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஏரி வற்றினால் தலை தெரியுமாம். மேட்டூரில் தண்ணீர் இறங்கிய வருஷம் பண்ணவாடிக்குப் போய், மூழ்கிக் கிடந்த நந்தியைப் பார்த்தோமே, நீகூட வெடித்துக் கிடந்த சேற்றில் ஒரு செருப்பைப் புதைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினாய். அந்த ஞாபகம்தான் வந்தது. செப்டம்பரில் போனால் அந்தப் பழைய அணையைப் பார்க்க முடியாது. பரவாயில்லை.

அணையின் கணக்கு கேட்டிருந்தாய். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா? உயரம் 285 மீட்டர், நம் கணக்கில் 935 அடி. மேட்டூர் 214 அடிதான். ஆனால் கொள்ளளவு பார், மேட்டூர் 93 டிஎம்சி, அது 14 டிஎம்சி. அவ்வளவு உயரமாகக் கட்டி இவ்வளவுதானா என்று தோன்றும். பள்ளத்தாக்கு அப்படி, ஒடுக்கம். நம் மேட்டூர் மாதிரியே தன் எடையால் நிற்கிற அணைதான், வளைவு கிளைவு எதுவும் இல்லை. அடியில் 200 மீட்டர் கனம், உச்சியில் 15 மீட்டர். 1961-இல் முடித்தார்கள். போன செப்டம்பரில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது வேலையில் சேர்ந்த முதல் மாதம் மாதிரி வாய் பிளந்து நின்றேன். பெரியவள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், வந்தால் காட்டுவாள்.

இதைவிட ஆச்சரியம், அந்த ஏரிக்கு என்று பெரிய ஆறு எதுவும் இல்லை. மலைக்குள் 100 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, முப்பத்தைந்து பனியாறுகளின் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியிலிருந்துகூட வருகிறது. தாழ்வாக இருக்கும் இடங்களில் பம்ப் போட்டு ஏற்றுகிறார்கள். நாம் ஏரி வரத்துக்கால் தூர்வாரச் சொல்லி மனு எழுதியே ஓய்வு பெற்றோம்.

சரி, நடைக்கு வருகிறேன். சியோன் ஊரிலிருந்து மஞ்சள் தபால் பஸ். வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் ஹாரன் அடிப்பார்கள், வத்தல்மலை பஸ்ஸுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். பஸ் அணையின் காலடியில் விடும். அங்கிருந்து கேபிள் காரில் உச்சி. உச்சியே 2,364 மீட்டர், ஊட்டியைவிட உயரம். அதனால் போன அன்றே நடக்க வேண்டாம், ஒரு நாள் சும்மா கிட.

முதல் நடை ஏரியின் மேற்குக் கரை. ஏறக்குறைய சமதளம், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆரம்பத்தில் சில குகைப்பாதைகள். ஜில்லென்று சொட்டுகிற இருட்டு. வெளியே வந்ததும் கண் கூசும், கூசி முடிந்ததும் ஏரி. அரிசி களைந்த தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விட்டுக் கலக்கினால் என்ன நிறமோ அது. பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவருவதால் அப்படி. கரையில் மர்மோட் விசிலடிக்கும். நம் அணில் சாதிதான், ஆனால் பூனை அளவு. முதல் விசிலுக்கு யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது நடை பிராஃப்ளூரி சுற்று. அணையிலிருந்து மேலேறி, கோல் தே ரூ கணவாயைத் தாண்டி, ஏரிக்கரையில் இறங்கி, முதல் நடையின் கரைப் பாதையில் அணைக்குத் திரும்புவது. கணவாய் 2,804 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 என்பதை நினைத்துக்கொள். நீ ஆசைப்பட்டால் இதற்குச் சம்மதம். இறக்கம்தான் முழங்காலைப் பிடிக்கும், கைத்தடி இரண்டு வேண்டும்.

மலைக்குடில் விஷயத்தில் உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். போன செப்டம்பரில் போய்ப் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, போகவில்லை. ஏரி முடிகிற இடத்தில் 'பூனை நடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவரைதான். அங்கே மஞ்சள் பலகை. அந்த நாட்டில் பலகையில் தூரம் எழுத மாட்டார்கள், நடை நேரம்தான் எழுதுவார்கள், ஓய்வு நேரம் அதில் சேராது. என் நடையால் பெருக்கிப் பார்த்தேன். ஏறி வந்தால் கடைசி கேபிள் காரும் போயிருக்கும், பஸ்ஸும் போயிருக்கும். மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து கடலை உருண்டை இரண்டு தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் கேட்டபோது போனேன் என்று வாய் தவறி வந்துவிட்டது, அப்புறம் மாற்ற முடியவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை குடிலுக்குப் போக வேண்டும் என்கிறேன், ஆனால் அங்கிருந்து ஆட்டுக் கணவாயைத் தாண்டுகிற உன் கணக்கில் இல்லை. அது 2,928 மீட்டரில் இருக்கிறது. ஏறிய இரவு அங்கேயே தங்குவோம், முன்கூட்டியே படுக்கை சொல்லிவைக்க என் மகள் பார்த்துக்கொள்வாள். காலையில் எழுந்தால் எதிரே மோன் பிளாங்க் தெ ஷெய்யோன் சிகரம், 3,870 மீட்டர். அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்குவோம். ஆட்டுக் கணவாய்க்குப் பனியாற்றைக் கடந்து, செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அது ஆட்டுக்கு, நமக்கு இல்லை. தேங்காய் பறிக்க ஏணி வைத்தால் கீழே பிடித்துக்கொள்ள நாலு பேர் கேட்பவன் நீ.

விசாவுக்கு இப்போதே ஆரம்பி. செப்டம்பர் என்றால் உன் மாங்காயும் முடிந்திருக்கும், சாக்கு சொல்ல முடியாது. நான் வாரம் இரண்டு நாள் வத்தல்மலை வளைவுகளில் நடக்கிறேன், ரோடு வருவதற்கு முன்னால் நாம் ஏறிய ஒற்றையடிப் பாதையைத் தேடிப் பார்த்தேன், முள் மூடிவிட்டது. நீ நாளையிலிருந்து சையத் பாஷா மலை ஏறு. ஏறி இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று வாட்ச் பார்த்து எழுது. 'கூப்பிடு தூரம்தான் மாமா' என்று எழுதாதே.

அன்புடன்,
பாலக்கோட்டான்