எங்கள் வளவைப் படம்பிடிக்கும் இயக்குநர்களுக்கு

செட்டிநாட்டு வீடுகளில் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்குக் கதை வசனம் எழுதுவோருக்கும் வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடு ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். எனக்கு எழுபது வயதாகிறது. விளக்கு வைத்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை நானும் என் ஓரகத்தியும் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து, தொடர்களையும் பழைய படங்களையும் புதிய படங்களையும் பார்த்துப் பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு மனக்குறையை உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன். திரையில் தெரியும் வீடு எங்கள் வீடாக இருக்கிறது; அதற்குள் நடமாடும் குடும்பத்தை எங்களால் அடையாளம் காண முடியவில்லை.

தேக்குத் தூண்கள் தெரிந்தவுடனே அடுத்து வரப்போவது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முறுக்கிய மீசையோடு ஒரு ஜமீன்தார் படியிறங்கி வருவார், நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவில் பஞ்சாயத்துக் கூடும், பங்காளிகள் அரிவாளைத் தூக்குவார்கள். இந்த வீடுகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய், அங்கே வட்டிக்கடை வைத்துப் பொருள் சேர்த்தவர்கள். ஒருமுறை கப்பலேறினால் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள். அவ்வளவு காலமும் நெல் அளப்பதும், கூலி கொடுப்பதும், கோவில் வரி கட்டுவதும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பார்ப்பதும் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் பொறுப்பில் இருந்தன. முகப்புத் திண்ணையில் ஆண்கள் வீற்றிருப்பதைப் படத்துக்குப் படம் பார்க்கிறேன். ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்து நிற்கும் ஆளுக்குக் கூலிக்கணக்குப் பார்க்கும் பெண்ணை ஒரு படத்திலும் பார்த்ததில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே தப்பி வந்தவர்களின் கதையை எங்கள் அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அரிவாளில் இல்லாத கதை அதில் இருக்கிறது ஐயா.

தொடர்களில் என்னை மிகவும் வருத்துபவை அடுப்படிக் காட்சிகள். மூன்று மருமகள்கள் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். ஒருத்தி மற்றவள் வைத்த குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள். மாமியார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பது வழக்கம் என்பதை இவற்றை எழுதுபவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டு அனுப்புவது என்று பொருளில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அவர்களுக்கென்று ஓர் அறை, பின்னால் அவர்களுக்கென்று ஓர் அடுப்பு, ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று பெற்றோர் அளந்து கொடுக்கும் அரிசியும் பணமும். கோவில் கணக்கிலும் அவர்கள் தனிக் குடும்பம், அதாவது தனிப்புள்ளி; வரியும் தனி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் மாமியாரின் அடுப்பும் என் அடுப்பும் பத்தடி இடைவெளியில் எரிந்தன. என் குழம்பு தீய்ந்தால் அந்த வாடை அவர்களுக்குப் போகும். அவர்கள் எழுந்து வர மாட்டார்கள். மகன் என்ன சாப்பிடுகிறான் என்று அறியத் துடிக்கும் தாய், அதைக் கேட்காமல் அடக்கிக்கொண்டு, வேலைக்காரப் பெண்ணிடம் ஒரு கிண்ணம் வெண்டைக்காய் மண்டியை, அரிசி கழுவிய நீரில் வைக்கும் எங்கள் பக்கத்துப் புளிக்குழம்பைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பலாமா, எதையாவது வைத்து அனுப்ப வேண்டுமா என்று நான் அரை நாள் யோசித்திருக்கிறேன். நூறு பகுதிகளுக்கு வேண்டிய கதை அந்தப் பத்தடிக்குள் இருக்கிறது. விஷம் வைப்பதும் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவதும் எதற்கு?

பேச்சு வழக்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன். எங்கள் பக்கத்துக் கதை என்று சொல்லும் தொடர்களில் நரைத்த கிழவியைத்தான் ஆச்சி என்று அழைக்கிறார்கள். எங்களுக்கு ஆச்சி என்றால் அக்காள்; மணமான இளம்பெண்ணையும் மதிப்புக் கருதி ஆச்சி என்போம். அம்மாவைப் பெற்றவர் ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அப்பச்சி என்பது தகப்பனார். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'வந்தாக, சொன்னாக' என்று மெல்லச் சொல்லும் இந்த மண்ணில், எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பதாகக் காட்டுவது காதுக்குப் பொறுக்கவில்லை.

எல்லாமே குறை என்று சொல்ல வரவில்லை. 2000இல் வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எனக்கு மிகவும் பிடித்த படம். அதன் மூலக்கதை ஆங்கில நாவலாக இருந்தும், தாயும் பெண்மக்களும் வாழ்ந்த வீட்டை இழந்து வெளியேறும் இடத்தில் நான் அழுதேன். பங்குப் பிரிவினையில் வீட்டை விட்டவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. 2010இல் தொடங்கிய 'நாதஸ்வரம்' தொடர், காரைக்குடியைச் சொன்னபோதும் அரண்மனையைத் தேடிப் போகாமல், ஒரு நாதஸ்வரக் கலைஞரின் எளிய குடும்பத்தைச் சொன்னது. அதன் 1000ஆவது பகுதியை 2014இல் நேரலையாக நடித்துக் காட்டிய அன்று, ஒருவராவது வசனத்தை மறந்துவிடுவார்களோ என்று எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சினிமா எங்களுக்கு வெளியூர்ப் பொருளும் அன்று. ஏவி.எம். நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பனார் காரைக்குடிப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 1947இல் 'நாம் இருவர்' படத்தைத் தந்தது இந்த மண்ணில்தான்.

பேய்ப் படங்களுக்கு எங்கள் வீடுகளைக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகள் சபிக்கப்பட்ட வீடுகள் அல்ல. பங்குக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறியிருக்கிறார்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள். மற்ற நாட்களில் காவலுக்கு இருப்பவர் வந்து பெருக்கிவிட்டுப் போவார். எங்கள் உறவினர் வீட்டில் அப்படி ஒரு பேய்ப் படம் எடுத்துவிட்டுப் போன பிறகு, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இரண்டாங்கட்டைத் தாண்டவே பயந்தார்கள். அந்தப் படப்பிடிப்பில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் விளக்கு மாட்ட ஆணி அடித்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரும்புத் தாங்கிகளை இழுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிறார்கள். உடைந்தால் அதே வண்ணத்துக்குப் பழைய கல் கிடைப்பதில்லை. வாடகை கொடுத்துவிட்டோம் என்பது அதற்குப் பதிலாகாது. தரையில் விரிக்க நாலு சாக்கும், சுவரில் கைவைக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் போதும்.

எங்கள் பேரனுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். அதன் பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து அவனையும் அவன் மனைவியையும் வேறு வைப்போம். புது அடுப்பை மூட்டிப் பால் பொங்கும்போது பார்க்க உங்களில் யாராவது வரலாம்; கேமராவை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வளவில் இடம் இருக்கிறது, இலை போட்டுச் சாப்பாடும் உண்டு. அப்பத்தா சொன்ன பர்மாக் கதையை அன்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படங்களையும் தொடர்களையும் விடாமல் பார்க்கும் ஓர் ஆச்சி