பழைய மீன் தொட்டி வாங்குறவங்க ஸ்டாண்டை முதல்ல பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ், ஹோம்ஸ்டே காலி பண்ணும்போது பெரிய மீன் தொட்டிங்க பாதி விலைக்கும் கீழ போகுது, வாங்க வர்றவங்க கண்ணாடியில கீறல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்குறாங்க, ஆனா அடியில இருக்குற மர ஸ்டாண்டை யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல. நானும் பாக்கல, அதனாலதான் எழுதுறேன்.

நான் வாங்குனது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ரெண்டடி உயரம், 12 எம்எம் கண்ணாடி. நிறைச்சா 340 லிட்டர் பிடிக்கும், அப்ப தண்ணியே 340 கிலோ, கண்ணாடி ஒரு 80 கிலோ, கல்லையும் சேர்த்தா 450 கிலோவைத் தாண்டிடும். இவ்ளோ பாரத்தையும் தாங்க வேண்டிய ஸ்டாண்டு வெளிய தேக்கு கலர் சன்மைக்கா ஒட்டி பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து அடிப்பலகையை விரலால அழுத்துனா, டீயில ஊறுன வர்க்கி மாதிரி உதிர்ந்து கையோட வந்துருச்சு. பார்ட்டிகிள் போர்டு சார். மரத்தூளைப் பசை போட்டு அழுத்துன பலகை, தண்ணி குடிச்சு உப்புச்சுன்னா திரும்ப தேறவே தேறாது. ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர்ல மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்குது, நனைஞ்ச பலகை எங்க காயும்?

பழைய பங்களா ஜன்னல் தேக்குச் சட்டம் கொஞ்சம் கிடைச்சுது, ஆசாரி அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். "தம்பி, பாரம் ஸ்க்ரூ மேல நிக்கக்கூடாது, மரத்து மேல மரம் உக்காரணும்"னார். கால் சட்டத்தோட தலையிலயே மேல் சட்டத்தை நேரா உக்கார வச்சார், ஸ்க்ரூ எல்லாம் ஆடாம புடிக்கிறதுக்கு மட்டும்தான். மேல 18 எம்எம் மரைன் பிளைவுட், அதாவது ஈரம் தாங்குற ஒட்டுப்பலகை, அதுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 இருக்கான்னு பாத்து வாங்குனோம், வெட்டுன ஓரத்துக்கெல்லாம் ரெண்டு கோட் பெயிண்ட். பின்பக்கம் பலகை அடிக்காம காத்தோட்டமா விட்டாச்சு. ரசமட்டம் வச்சு நாலு பக்கமும் சரி பாத்துட்டு அதுமேல தெர்மாகோல் ஷீட்டு, பலகையில இருக்குற சின்ன மேடு பள்ளம் கண்ணாடியைக் குத்தாது.

தொட்டியில நான் பண்ண தப்பையும் சொல்லிடுறேன். கண்ணாடி மூட்டுல தண்ணி கசியாம ஒட்டுற பசைதான் சிலிக்கான், பழைய சிலிக்கான் மேலயே புது சிலிக்கானைப் பூசுனேன், ரெண்டாம் நாளே கசிஞ்சுது. காஞ்சு போன சிலிக்கான் மேல புதுசு சரியா ஒட்டாது. உள்மூலை எல்லாத்தையும் பிளேடால சுரண்டி, அசிட்டோன்ல துடைச்சு, கண்ணாடி ஈரம் காய ரூம் ஹீட்டர் போட்டு மறுபடி பூசுனேன். பாத்ரூமுக்குன்னு விக்குற பூஞ்சை தடுக்குற சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுல இருக்குற மருந்து மீனுக்கு ஆகாது. சிலிக்கான் காயும்போது வர்ற வினிகர் வாசம் போற வரைக்கும் விடணும், குளிர்ல காயறதும் மெதுவாத்தான், நான் ஒரு வாரம் விட்டேன். அப்புறம் முற்றத்துல வச்சு அடியில உங்க பேப்பரைத்தான் விரிச்சு, ஒரு நாளைக்குக் கால் பங்குன்னு தண்ணி ஊத்துனேன். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக் குடுத்துரும். நாலாம் நாள் காலையிலயும் பேப்பர் காஞ்சே கிடந்துச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

இப்ப நாலு கோல்ட் ஃபிஷ் இருக்கு. நம்ம குளிருக்கு அதுங்களுக்கு ஹீட்டரே தேவையில்ல, கரண்ட் போனாலும் அந்த பயம் இல்ல.

காட்டேஜ், ஹோம்ஸ்டே காலி பண்றவங்ககிட்ட கும்பிட்டுக் கேக்குறேன், மீனை ஓடையிலயோ ஏரியிலயோ விட்டுடாதீங்க, அங்க இருக்குற மீனுக்கு அதனால கேடு, வளர்க்குற யாருக்காவது குடுங்க. வாங்குறவங்க பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு கதவைத் திறந்து அடிப்பலகையில விரலை வச்சு அழுத்திப் பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்