சுழியோட முன் இழுத்து இழுத்து மூச்செடுப்பது பற்றி

ஆசிரியர் அவர்கட்கு,

விடுமுறைக்கால நீச்சல் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பொன்று, சுழியோட முன் பத்துப் பதினைந்து தடவை பலமாக மூச்செடுத்து விட்டால் உடம்பில் ஒட்சிசன் சேரும், கூடுதல் நேரம் தண்ணீருக்குள் நிற்கலாம் என்று சொல்லியிருந்தது. கீரிமலைக் கேணியிலும் தோட்டக் கிணறுகளிலும் பெடியள் செய்வதும் இதைத்தான். கூடுதல் நேரம் நிற்கலாம் என்பது சரி. ஒட்சிசன் சேரும் என்பதுதான் பிழை, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

சும்மா இருக்கும் ஒருவரின் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மிச்சம் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்ற இடமில்லை. நுரையீரலுக்குள் கொஞ்சம் கூடும். நீந்தும் தசைகள் அதைக் கெதியில் முடித்துவிடும். பெரிதாக மாறுவது காபனீரொட்சைட்டு. நாடிக் குருதியில் சாதாரணமாக 40 மில்லிமீற்றர் இரச அளவில் நிற்கும் அதன் அமுக்கம், பலமாக மூச்செடுக்க எடுக்க 20, 25 வரைகூட இறங்கிவிடும்.

மூச்சை நடத்துவது மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையம். அங்கிருந்து தாளம் தவறாமல் புறப்படும் கட்டளை, கழுத்தில் 3, 4, 5ஆம் முண்ணாண் நரம்புகளிலிருந்து சேர்ந்து வரும் நரம்பு வழியே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டுக்குப் போகிறது. அது சுருங்கிக் கீழிறங்க, நெஞ்சறையில் அமுக்கம் குறைந்து காற்று உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லீற்றர். கூட்டவா குறைக்கவா என்று பெரும்பாலும் தீர்மானிப்பது காபனீரொட்சைட்டு. அது மூளையைச் சூழ்ந்த பாய்பொருளில் கரைந்து அமிலத்தைக் கூட்டுகிறது. மையவிழையத்தின் மேற்பரப்புக் கலங்கள் அந்த மாற்றத்தை உடனே உணர்கின்றன. ஒட்சிசனைப் பார்க்கும் உணரிகள் கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கின்றன. ஆனால் அவை சோம்பேறிகள். 100 அளவில் இருக்கும் ஒட்சிசன் அமுக்கம் 60க்குக் கிட்ட இறங்கும்வரை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை.

ஆக, தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிறது, மேலே வா என்று நெருக்குவது முக்கியமாகக் காபனீரொட்சைட்டு. அதை முன்கூட்டியே கழுவிவிட்டு இறங்கினால் அந்த நெருக்கல் பிந்துகிறது. இடையில் ஒட்சிசன் அமுக்கம் 30க்குக் கிட்டப் போய்விட்டால், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். பிறகு மூச்சு தானாகவே எடுபடும். உள்ளே போவது தண்ணீர். ஆழம் தேவையில்லை, நெஞ்சளவு நீர் போதும். நல்ல நீச்சல்காரருக்கும் இது நடக்கும். கையைக் காலை அடித்துத் தத்தளிக்காமல் அப்படியே அசைவற்றுப் போவதால் கரையில் நிற்பவர்கள் விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். இறங்க முன்னரே தலை சுற்றி, உதடும் விரலும் விறைத்தால் காபனீரொட்சைட்டு அளவுமீறிக் குறைந்துவிட்டது, மூளைக்குப் போகும் குருதிக் குழாய்கள் ஒடுங்குகின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் இறங்கவே கூடாது.

அமைதியாக ஒன்றிரண்டு மூச்சு போதும். நேரப் போட்டி வேண்டாம். சுழியோடாத ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். தூக்கி எடுத்தவர் அசைவற்று, மூச்சில்லாமல் இருந்தால் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடிப்பதும் நேரத்தை வீணாக்குவதோடு, வயிற்றிலுள்ளது மேலேறிச் சுவாசப் பாதைக்குள் போகவும் இடம் கொடுக்கும். மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்சாய்த்து முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். நாம் வெளிவிடும் காற்றில் இன்னும் 16 சதவீதமளவு ஒட்சிசன் இருக்கிறது, அது உதவும். பிறகு நெஞ்சின் நடுவில் 5, 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 30 அமுக்கல், 2 ஊதல் என்று தொடர வேண்டும். இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும்.

இதே உணரிகள் ஏமாறும் இன்னோர் இடம் கிணறு. உறிஞ்சு குழாய் நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் தண்ணீரை இழுக்காது என்பதால், கோடையில் நீர்மட்டம் கீழே போனதும் மண்ணெண்ணெய் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்குகிறோம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு (CO) என்ற வேறொரு வாயு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கழுத்து உணரிகள் பார்ப்பதோ குருதியில் கரைந்திருக்கும் ஒட்சிசனின் அமுக்கத்தை மட்டும், அது குறைவதில்லை. காபனீரொட்சைட்டும் கூடாவிட்டால் மூச்சு முட்டாது. தலையிடி, ஓங்காளம், காலில் பலமின்மை, பிறகு மயக்கம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை ஒட்சிசன் குறைவைக் காட்டும். இந்த வாயுவைக் காட்டாது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்கினால் அவரும் விழுவார். இயந்திரத்தை நிறுத்துங்கள். இறங்குவதானால் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க இருவராவது நின்றால் மட்டும் இறங்குங்கள்.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் கிணற்றுக்குள் இயந்திரம் ஓடியது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்த, விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் மானி காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் ஏறியதாகவே எண்ணி 98 என்று காட்டக்கூடும்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோப்பாய்.