சமையற்கட்டு வாசலுக்கு ஒரு தள்ளுகதவு

லீட்ஸ், இங்கிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் வேலூரில் நாள் குறித்துவிட்டதாக அண்ணன் சொன்னதிலிருந்து, நம் குடியாத்தம் வீட்டின் நினைவாகவே இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு அம்மா நடக்கும்போது, வழக்கம்போல நம் நாய் மணி காலைச் சுற்றிக்கொண்டே வருவானே, அதுதான் என்னை உறுத்துகிறது. அதற்கு இங்கே ஒரு வழியைக் கண்ணெதிரே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் அளவுகள் மனதில் நிற்காது. பட்டறையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதி, பின்பக்கத்தில் படமும் போட்டிருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது எலும்பு முறிவுப் பிரிவில் என்பது உங்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் முறிந்து வருகிற முதியவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வேலையில் ஒன்று. நாய் குறுக்கே வந்தது என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2001 முதல் 2006 வரை அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் விவரங்களைத் திரட்டி 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த நாட்டில் ஆண்டுக்கு 86,000-க்கும் மேற்பட்டோர் நாயாலோ பூனையாலோ விழுந்து அடிபட்டு வருகிறார்கள் என்றும், பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் விழுவது நாயால் என்றும், ஆண்களைப் போல இரண்டு மடங்கு பெண்கள் அடிபடுகிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. நாய் தள்ளியோ இழுத்தோ விழுவதைவிட, காலடியில் வந்து நிற்கும் நாயின் மேல் தடுக்கி விழுவதே அதிகம். மணியின் குணமும் அதுதான்.

இங்கே நாய்கள் வீட்டுக்குள்ளேயே வாழ்கின்றன. நம் ஊரில் திண்ணையும் தெருவும் கொல்லையும் நாய்க்குப் போதும். இங்கே குளிரும் மழையும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நாயைப் பேருந்திலும் ரயிலிலும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், வீட்டில் அதற்கென்று மெத்தை போடுகிறார்கள், 2016-இலிருந்து ஒவ்வொரு நாய்க்கும் தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைப்பதும் சட்டமாகிவிட்டது. நாய் உள்ளேயே இருப்பதால், எந்த அறைக்குள் அது வரலாம், எதற்குள் வரக்கூடாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அதற்காகவே வாசல்களில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்புக் கதவு வைப்பது இங்கே சர்வ சாதாரணம். கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்து விற்கிறார்கள்.

நான் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மையாரிடம் ஒரு லாப்ரடார் நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. அந்த அம்மையாரும் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்தான். அவருடைய மகன் உங்களைப் போலவே தச்சர். கடைக் கதவு எதையும் வாங்காமல், சமையலறைக்கும் நடைக்கும் இடையே பக்கவாட்டில் நகரும் ஒரு தள்ளுகதவை அவரே மரத்தில் செய்து பொருத்தியிருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் மகள் என்பதால் குனிந்து அடியிலும் பார்த்துவிட்டேன்.

வாசலுக்கு இடப்பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு சட்டமும், மூன்றடி உயரத்தில் இன்னொரு சட்டமும் படுக்கைவாட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் நெடுகப் பள்ளமாகக் காடி எடுத்திருக்கிறது. அந்தக் காடிகளுக்குள் கதவு நிற்கிறது. திறந்திருக்கும்போது முழுக் கதவும் சுவரோடு சுவராக ஒட்டிப் போய்விடுகிறது, வாசலில் ஒன்றுமே இருப்பதில்லை. மூடும்போது வலப்பக்கம் தள்ளினால், வாசலைக் கடந்து போய் எதிர்ப்பக்க நிலைச்சட்டத்தில் பொருத்தியுள்ள ஒரு வாய்க்கட்டைக்குள் அதன் நுனி நுழைந்து உட்காருகிறது. தரையில் தண்டவாளம் கிடையாது, சக்கரமும் கிடையாது. காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விட்டிருக்கிறார், அவ்வளவே. எண்ணெய் விட்டால் தூசியும் நாய் முடியும் ஒட்டிப் பிசினாகிவிடும் என்பது அவர் கருத்து. நீங்களும் மேசை இழுப்பறைக்கு மெழுகுதானே தேய்ப்பீர்கள்.

நாய் முழு பலத்தோடு வந்து மோதினாலும் இது திறப்பதில்லை என்பதே இதன் பெரிய குணம். கீல் வைத்த கதவை நாய் முட்டினால், அந்த விசை முழுவதும் கதவு திறக்கும் திசையிலேயே போய்க் கொண்டியில் விழுகிறது. கொண்டி தேய்ந்தால் ஒருநாள் திறந்துகொள்ளும். தள்ளுகதவு திறப்பது பக்கவாட்டில், நாய் முட்டுவது நேரே. அந்த விசையைக் காடியும் வாய்க்கட்டையும் வாங்கிச் சுவருக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆனாலும் கெட்டிக்கார நாய் மூக்கை இடுக்கில் விட்டுப் பக்கவாட்டில் ஒதுக்கக் கற்றுக்கொள்ளும் என்பதால், மேலே ஒரு சின்ன மர முளையைத் துளைக்குள் விழும்படி வைத்திருக்கிறார். ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். நாயால் முடியாது.

குறுக்குக் கம்பிகள் இல்லாமல் நெடுக்குச் சட்டங்களாகவே வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. குறுக்குச் சட்டம் இருந்தால் நாய் காலை வைத்து ஏறும், குழந்தைகளும் ஏறும். சட்டங்களுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்கும் குறைவான இடைவெளிதான். ஒரு மூலையில் மட்டும் அடியில் பூனை நுழையும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை விட்டிருக்கிறார். பூனை அதன் வழியே போய்த் தன் தட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டு வருகிறது, நாய் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தள்ளுகதவுதான் வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது வாக்கருக்காக. இங்கே கடைகளில் அதிகம் விற்பது இரண்டு பக்க நிலைக்கும் நடுவே திருகி இறுக்கி நிறுத்துகிற இரும்புக் கேட். சுவரில் ஓட்டை போட வேண்டாம் என்பதால் வாடகை வீட்டுக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதில் ஆள் நுழையும் வழி ஒன்றரை அடி அளவுக்குக் குறுகிவிடுகிறது; வாக்கரோ கிட்டத்தட்ட இரண்டடி அகலம். அதோடு அதன் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கத் தரையை ஒட்டி ஒரு குறுக்குக் கம்பி எப்போதும் வாசலில் கிடக்கும். காலைத் தூக்கி வைக்க முடியாதவருக்கு நாயைத் தடுப்பதற்காக இன்னொரு தடுக்கல்லை நாமே வைத்துக் கொடுத்தது போலாகிவிடும். உயரம் குறைந்த தடுப்பும் வேண்டாம், அவசரத்தில் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் வரும். மூன்றடி இருந்தால் யாருக்கும் அந்த ஆசை வராது, மணியும் இந்த வயதில் தாண்ட மாட்டான்.

அண்ணன், வெல்டிங் பட்டறையில் சொல்லி, கடை வாசல்களில் இருக்கிற மாதிரி மடக்குக் கேட் ஒன்றைச் சின்னதாகப் போட்டுவிடலாம் என்கிறான். தயவுசெய்து வேண்டாம். அதன் பட்டைகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டி மூடுகிறவை. குழந்தைகளின் விரலும் மணியின் பாதமும் நடுவில் மாட்டும். இதே அமைப்பில் மரத்தில் செய்த மடக்குத் தடுப்புகளை அமெரிக்காவில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்காக விற்றார்கள். மேல் விளிம்பில் இருந்த ஆங்கில ‘வி’ வடிவ இடைவெளிகளில் குழந்தைகளின் தலை சிக்கிக்கொண்டதால் அந்த வடிவத்தை 1985-இல் கைவிட்டார்கள். நம் வீட்டிலும் தவழ்கிற குழந்தை இருக்கிறது.

சமையற்கட்டு வாசல் இரண்டரை அடி என்று நினைவு. கதவை மூன்றரை அடி நீளத்துக்குச் செய்யுங்கள். மூடிய நிலையில் இரண்டரை அடி வாசலை அடைத்து, ஒரு அங்குலம் வாய்க்கட்டைக்குள் போய், மிச்சம் பதினோரு அங்குலம் காடிக்குள் நிற்க வேண்டும். அந்த வால்பகுதி குறைந்தால் கதவின் நுனி தொங்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தள்ளும்போது நுனி கொஞ்சம் தாழத்தான் செய்யும். அதற்காக இந்தத் தச்சர் வாய்க்கட்டையின் அடிப்பகுதியைச் சரிவாக இழைத்திருக்கிறார்; தாழ்ந்து வருகிற நுனி அந்தச் சரிவில் ஏறித் தானாகவே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். கதவை லேசாகச் செய்தால் பாதிச் சிரமம் குறையும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டங்களைக் கூடத்துப் பக்கச் சுவரில் அடிக்க வேண்டும், ஏனென்றால் இருக்கிற கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. அந்தச் சுவரோரம் இருக்கும் கிரைண்டரைக் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டால் மூன்றரை அடி தாராளமாகக் கிடைக்கும். நிலை பூச்சுக்கு மேல் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், அதற்கு ஈடாகச் சட்டங்களுக்குப் பின்னால் கட்டை கொடுங்கள். காடியை இறுக்கமாக எடுத்துவிடாதீர்கள். இப்போது வெயிலில் காய்ந்த மரத்தில் சரியாக ஓடுகிற கதவு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊறிப் பிடித்துக்கொண்டால், அம்மா ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து இழுக்க வேண்டி வரும். கைப்பிடி அம்மாவின் இடுப்பு உயரத்தில், இரண்டு பக்கமும், நிலையில் விரல் நசுங்காத தூரத்தில் இருக்கட்டும். கதவு முழுவதும் உள்ளே போய் மறைந்துவிடாமல் ஒரு தடைக்கட்டையும் வையுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பட்டறைப் பரணில் இருக்கும் பழைய டப்பாக்களை எடுக்க வேண்டாம். நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, மணியோ மரத்தைக் கண்டால் கடிப்பவன், குழந்தையோ எதையும் வாயில் வைக்கும் பருவம். மிச்சமிருக்கும் தேக்குச் சட்டங்களாக இருந்தால் இழைத்து அப்படியே விட்டாலும் அழகுதான்.

சமையற்கட்டிலிருந்து மணியைத் தள்ளி வைப்பது அவனுக்கும் நல்லது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை அண்ணி அவனுக்குப் போடுவதையும் இந்தச் சாக்கில் நிறுத்திவிடலாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று வீடு நிறைய உறவினர் வந்து, மேளச் சத்தத்தில் அவன் மிரண்டு ஓடுகிற வேளையிலும், கதவைச் சாத்தி அவனைச் சமையற்கட்டுக்குள் பத்திரமாக விட்டு வைக்கலாம்; பண்டங்களை மட்டும் மேலே ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

பழைய பலகைக் கதவையே சாத்தினால் போதாதா என்று அம்மா கேட்பார்கள். போதாது. கண்ணுக்கு ஆள் தெரியாவிட்டால் அவன் கதவைப் பிறாண்டுவான், ஊளையிடுவான், அது பொறுக்காமல் அம்மாவே எழுந்து போய்த் திறப்பார்கள். சட்டங்களின் இடைவெளியில் அம்மா தெரிந்துகொண்டே இருந்தால் இந்த வீட்டு லாப்ரடாரைப் போல அவனும் வாசலில் படுத்துக்கொள்வான். ஆனால் பழக்க வேண்டும். அம்மா வேலூருக்குப் போவதற்கு முன்பே கதவைப் பொருத்தி, முதலில் சில நிமிடங்கள் மட்டும் மூடி, அமைதியாக இருந்தால் ஒரு பிஸ்கட் துண்டு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். அம்மா வாக்கரோடு திரும்பி வரும் நாளில் கதவும் புதிதாக இருந்தால் அவன் குழம்பிப்போவான்.

வாசலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும் எடுத்து அண்ணனிடம் சொல்லி வாட்ஸாப்பில் அனுப்புங்கள். நம் பழைய நிலை நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம், மூன்றில் பெரிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள். இடப்பக்கச் சுவரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்குள்ள தச்சரிடம் காட்டிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குடியாத்தத்தில் ஒரு தச்சர் தன் வேலையைப் பார்த்துச் செய்யப்போகிறார் என்று அவருக்கு மிகுந்த சந்தோஷம். மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் ஆகும் செலவை இந்த மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்புகிறேன், மறுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு. அண்ணன் குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்