செயலாளர் அறிக்கை 2024: ஒற்றைச் சப்பாத்துக் கணக்கு

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள், எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கிராம அலுவலர் எல்லோருக்கும் வணக்கம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே காசு பற்றி நான் அதிகம் பேசவில்லை.

சென்ற பொதுக்கூட்டத்தில் 41 பேராக இருந்தோம். ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஒருவர் காலமானார். இன்று 46 பேர். புதியவர்களில் நான்கு பேர் சீனி வருத்தத்தால் காலை இழந்தவர்கள். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் கூடித் தொடங்கிய சங்கம் இது. இனி எங்களிடம் வரப்போகிறவர்கள் யார் என்று இந்த எண்ணிக்கையைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

மாதக் கூட்டங்கள் ஒன்பதுதான் நடந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், இரண்டு தடவையும் மண்டபம் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்ததால் டிசம்பர் கூட்டமும் தவறிவிட்டது. சிரமதானம் ஒன்று நடந்தது. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்வார், கோபிக்கவேண்டாம்.

இனி சப்பாத்துக்கு வருகிறேன். சங்கத்தின் கீழ் ஒரு சிறிய காலணித் தொழிலகம் தொடங்குவதென்று சென்ற வருடம் தீர்மானித்தோம். பார்க்காமல் மெஷின் வாங்கக்கூடாது என்று சிலர் சண்டைபிடித்தார்கள். சரியாகத்தான் பிடித்தார்கள். ஜூலை மாதம் 19 பேர் பரந்தன் சந்தியில் இரவு பஸ் ஏறி, ஏ-9 வீதி வழியாக வவுனியா தாண்டி, விடியக் கொழும்புக்கு அண்மையிலுள்ள ஒரு சப்பாத்துத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊன்றுகோல்களை எங்கே வைப்பதென்று பஸ்ஸில் பெரிய பிரச்சினை. கடைசியில் எல்லாவற்றையும் கட்டிப் பின் ஆசனத்தில் படுக்கவைத்தோம், அவற்றுக்குத்தான் நல்ல நித்திரை.

வடிவமைப்புப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. சாய்தளமும் இல்லை, லிஃப்டும் இல்லை. ஏழு பேரால் ஏற முடியவில்லை. அப்படியென்றால் ஒருவரும் ஏறமாட்டோம் என்று தலைவர் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு வடிவமைப்பாளரே தன் சாமான்களோடு இறங்கி வந்து கன்ரீன் மேசையில் கடையை விரித்தார். அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தையல் பிரிவில் வேலை செய்யும், மலையகத்து ஹற்றனைச் சேர்ந்த பிள்ளை ஒருவர் மொழிபெயர்த்தார். ‘ஐயா, இவர் சொல்றது…’ என்று தொடங்கி அரைமணியில் அவரே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் கையில் தந்தது ஒரு பிளாஸ்டிக் கால். லாஸ்ட் என்றார்கள், நாங்கள் கட்டை என்றோம். முன்பு மரத்தில்தான் செய்தார்களாம். சப்பாத்தின் உருவம் முழுவதும் இந்தக் கட்டையில்தான் இருக்கிறது. வடிவமைப்பாளர் கட்டை முழுவதும் ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன்மேல் பென்சிலால் சப்பாத்தை வரைந்தார். பிறகு பிளேட்டால் கீறி உரித்து மட்டையில் தட்டையாக ஒட்டினார். கண்முன்னே கால் கடதாசியாகிவிட்டது. அதற்குத் தையல் விளிம்பும் மடிப்பும் சேர்த்தால் வெட்டும் அளவு கிடைத்துவிடும்.

கட்டையில் இடது வேறு, வலது வேறு. ஐரோப்பாவில் இருநூறு வருடங்களுக்கு முன்புவரை இரண்டு காலுக்கும் ஒரே வார்ப்பில் சப்பாத்துச் செய்வது சாதாரணமாக இருந்ததென்று அவர் சொன்னார். ‘அப்ப நாங்கள் அந்தக் காலத்தில பிறந்திருக்கவேணும்’ என்று எங்களில் ஒருவர் சொல்ல, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே எல்லோரும் சிரித்தார்கள்.

தொழிற்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. தோலை எங்கே வெட்டுவதென்பதே ஒரு வித்தை. முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது, அது சப்பாத்தின் முன்பக்கத்துக்குப் போகும். வயிற்றுத் தோல் இழுபடும், அதை நாடாவுக்குக் கீழே வரும் நாக்குக்கும் மறைவான துண்டுகளுக்கும் வைத்துக்கொள்வார்கள். மடிக்கும் விளிம்பைச் சீவி மெல்லிதாக்கித் தைக்கிறார்கள். தைத்த மேற்பகுதியைச் சூடாக்கி இளக்கி, கட்டைமேல் இழுத்து அடியில் ஒட்டுகிறார்கள். அடித்தட்டிலும் மேற்பகுதியிலும் பசை பூசி, காயவிட்டு, மறுபடி சூடுகாட்டி அழுத்துகிறார்கள். ஈரப்பசையில் ஒட்டினால் கழன்றுவிடுமாம். நாங்கள் வீட்டில் ஒட்டிய செருப்பெல்லாம் ஏன் ஒரு கிழமைகூட நிற்கவில்லை என்று அன்றுதான் விளங்கியது.

நாங்களும் ஒன்று சொல்லிக்கொடுத்தோம். செயற்கைக் கால், சப்பாத்தின் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி பொருத்தப்படுவது. குதி உயர்ந்த சப்பாத்தை அதற்குப் போட்டால் முழங்கால் முன்னுக்குத் தள்ளும். வடிவமைப்பாளர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் எங்கள் கேள்வியைக் கேட்டோம். செயற்கைக் கால் போட்டவருக்குச் சோடியாக வேண்டும். ஊன்றுகோலில் நடப்பவருக்கு ஒன்று போதும், ஆனால் விலை இரண்டுக்கும் கொடுக்கிறோம். ஒற்றையாக விற்பீர்களா? பரிசோதனையில் ஒரு சப்பாத்துப் பழுதென்றால் சோடியே கழிக்கப்படுவதாகவும், நல்ல ஒற்றைகள் மூலையில் கிடப்பதாகவும் மேலாளர் சொன்னார். தருவதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டுமாம். மூன்று கடிதம் போட்டுவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

அதுவரை எங்களுக்குள்ளேயே ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். ஒரே அளவில் இடது வேண்டியவரும் வலது வேண்டியவரும் சேர்ந்து ஒரு சோடி வாங்கலாம். இதுவரை நான்கு சோடி இப்படிப் பிரிந்திருக்கிறது. கறுப்பா மண்ணிறமா என்று இருவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், நிர்வாக சபை அதில் தலையிடாது.

தொழிலகம் பற்றிய முடிவையும் மாற்றியிருக்கிறோம். மூடிய சப்பாத்து எங்களுக்கு இப்போது வேண்டாம். அளவுக்கொரு கட்டை, அதிலும் இடது வலது என்று வாங்கவே கையிருப்புப் போதாது. பின்பட்டி வைத்த தட்டையான செருப்பில் தொடங்குவோம். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைவு. பாட்டா என்கிற றப்பர் செருப்பின் வார் விரலிடுக்கில் உரசிப் புண்ணானாலும் தெரியாது. விரலிடுக்கு வார் இல்லாமல், உள்ளே மெதுவான தட்டு வைத்து, அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பட்டியோடு செய்யலாம். ஒரு பழைய தையல் மெஷின் விலை பேசியாயிற்று. வாங்குவதா என்பதை இன்று சபை தீர்மானிக்கவேண்டும்.

பதிவேட்டில் இன்னும் 17 பேரின் அளவு இல்லை. கடதாசியும் பென்சிலும் வாசல் மேசையில் இருக்கின்றன. இருந்தபடி வரையவேண்டாம், பாரம் காலில் இறங்கினால்தான் பாதம் விரியும். யாராவது தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், நின்றபடி வரையுங்கள். பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவெடுக்க நல்ல நேரம் அதுதான். தேத்தண்ணி அதற்குப் பிறகு.